பில்ட் டூலை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-இல், பேக்கேஜ் கட்டும் பழைய நூலகமான டிஸ்டியூட்டில்ஸ் நீக்கப்பட்டது. அதிலிருந்து பில்ட் விவரங்களை நிரலாக எழுதும் செட்டப்.பை கோப்பை எடுத்துவிட்டு, அவற்றை வெறும் அமைப்புகளாக எழுதும் பைப்ராஜெக்ட்.டாமலுக்கு மாறும் புல் ரிக்வெஸ்ட்கள் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் வந்துகொண்டே இருக்கின்றன. அனுப்புகிறவர்களில் பலர் புதியவர்கள். பழைய ஆட்கள் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். காற்புள்ளி விட்டுப்போவது, பெயரைத் தவறாகத் தட்டுவது போன்றவற்றை டூலே சொல்லிவிடும். டூல் சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

உருவான பேக்கேஜைத் திறந்து பார்க்காமல் விடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். நீளமான செட்டப்.பை போய், கச்சிதமான டாமல் கோப்பு வந்திருக்கும். சிஐ (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு) முழுக்கப் பச்சை. ‘டெஸ்ட் எல்லாம் பாஸ், மெர்ஜ் பண்ணலாமா?’ என்று கேட்டிருப்பார்கள். வீலுக்குள் (நிறுவத் தயாரான பேக்கேஜ் கோப்பு) என்ன இருக்கிறது, பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது.

எனக்குத் தெரிந்த ஒரு திட்டம் செட்டப்டூல்ஸ் என்ற பில்ட் டூலிலிருந்து ஹாட்ச்லிங் என்ற இன்னொன்றுக்கு மாறியது. பல மொழிகளில் இயங்கும் மென்பொருள் அது. மொழிபெயர்ப்பாளர்கள் எழுதும் பிஓ கோப்புகளிலிருந்து, மென்பொருள் ஓடும்போது படிக்கும் எம்ஓ கோப்புகள் உருவாகும். உருவாகிற கோப்பு என்பதால் அவை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் இருந்தன. சேர்க்க வேண்டிய கோப்புகளைச் சொல்லும் மேனிஃபெஸ்ட்.இன்னில் குறிப்பிட்டிருந்ததால் செட்டப்டூல்ஸ் அவற்றை ஒழுங்காகச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஹாட்ச்லிங் மேனிஃபெஸ்ட்.இன்னைப் படிப்பதில்லை. கிட்இக்னோரில் உள்ள கோப்புகளை ‘ஆர்டிஃபேக்ட்ஸ்’ என்று தனியாகச் சொன்னாலொழிய எடுப்பதும் இல்லை.

எம்ஓ கோப்பு ஒன்றுகூட இல்லாத வீல் வெளியே போனது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. மொழிபெயர்ப்பு கிடைக்காவிட்டால் மூல வாசகத்தையே காட்டும்படி கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு நூலகத்தை அமைத்திருந்தார்கள். அது அப்படியே செய்தது. வருடக்கணக்கில் இலவசமாக உழைத்த மொழிபெயர்ப்பாளர்களின் வேலை அந்த ரிலீஸில் காணாமல் போயிருந்தது. அதை முதலில் கவனித்ததும் அவர்கள்தான்.

சிஐ ஏன் பிடிக்கவில்லை? டெஸ்ட்கள் ரெப்போவின் வேரிலிருந்து ஓடின. பைத்தான் அங்கிருந்த மூலக் கோப்புறையையே இம்போர்ட் செய்தது. நிறுவப்பட்ட பேக்கேஜை யாரும் சோதிக்கவில்லை. எடிட்டபிள் முறையில் நிறுவினாலும் இதே கதைதான்.

பழைய டூலை நீக்குமுன், சுத்தமாக க்ளோன் செய்த ஒரே கமிட்டிலிருந்து இரண்டு டூலாலும் பில்ட் செய்யுங்கள். வீல் வெறும் ஸிப் கோப்பு. எஸ்டிஸ்ட், அதாவது மூலநிரல் பொதி, ஒரு டார் கோப்பு. உள்ளிருக்கும் பெயர்களைப் பட்டியலிட்டு, வரிசைப்படுத்தி, டிஃப் போடுங்கள். கூடிய வரி, குறைந்த வரி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். மெட்டாடேட்டாவையும் என்ட்ரி பாயிண்ட்களையும் அதேபோல ஒப்பிடுங்கள். அப்புறம் புதிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் வீலை நிறுவி, ரெப்போவுக்கு வெளியே நின்று டெஸ்ட்டை ஓட்டுங்கள். அந்த டிஃபைப் புல் ரிக்வெஸ்ட்டிலேயே ஒட்டிவிட்டால் பார்ப்பவர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

இதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. விட்டுவிட்டால் திருத்துவது சுலபமில்லை. பைத்தான் பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐயில் ஏற்றிய கோப்பை அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. யாங்க் செய்துவிட்டு (இயல்பாக நிறுவப்படாதபடி ஒதுக்கிவிட்டு) அடுத்த பதிப்பு எண்ணில் வெளியிட வேண்டும். யாங்க் செய்த பிறகும், அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் பூட்டி வைத்திருப்பவர்களுக்குப் பழுதான பதிப்பு போய்க்கொண்டுதான் இருக்கும்.

எஸ்டிஸ்ட்டை மறப்பது

டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களுக்குப் பேக்கேஜ் செய்பவர்கள் மூலநிரலிலிருந்தே கட்டுகிறார்கள். எஸ்டிஸ்ட்டில் டெஸ்ட் கோப்புறையோ உரிமக் கோப்போ விடுபட்டால் அவர்கள் கை கட்டப்பட்டுவிடும். ‘பில்ட்’ கருவியை எந்த விருப்பமும் கொடுக்காமல் ஓட்டினால், முதலில் எஸ்டிஸ்ட்டை உருவாக்கி, அதிலிருந்தே வீலைக் கட்டும். வீல் மட்டும் போதும் என்று ஓட்டினால் நேராக ரெப்போவிலிருந்து கட்டிவிடும். எஸ்டிஸ்ட்டில் உள்ள ஓட்டை தெரியவே தெரியாது.

ரெப்போவில் இருப்பதும் டார் கோப்பில் இருப்பதும் ஒன்றுதானா என்பது வெறும் ஒழுங்குக் கேள்வியும் அல்ல. 2024-இல் எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்த பின்கதவைத் தூண்டிவிட்ட எம்4 கோப்பு (பில்ட் ஸ்கிரிப்டின் ஒரு பகுதி), வெளியிடப்பட்ட டார் கோப்பில் இருந்தது. கிட் ரெப்போவில் இல்லை.

கிட் டேகை நம்பிப் பதிப்பு எண்ணை விடுவது

கிட் டேகிலிருந்து, அதாவது ரிலீஸ் கமிட்டில் இடும் அடையாளத்திலிருந்து, எண்ணை எடுப்பது நல்ல வழிதான். ஆனால் கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டை மட்டும் இறக்கும். பழைய டேகுகள் வராது. 0.1 என்று தொடங்கும் ஒரு வினோத எண் வந்தால் காரணம் இதுதான். முழு வரலாற்றையும் இறக்கச் சொல்லுங்கள்.

ஃபார்மேட்டரையும் சேர்த்து ஓட்டி அனுப்புவது

நிரலின் தோற்றத்தை ஒழுங்காக்கும் ஃபார்மேட்டர் மாற்றங்களுக்குத் தனி புல் ரிக்வெஸ்ட்.

ரிலீஸ் நாளில் மாற்றுவது

வேண்டவே வேண்டாம்.

பழைய வழியை அன்றே அழிப்பது

தூய பைத்தான் திட்டமென்றால், ஒப்பிட்டு முடித்ததும் அழித்துவிடலாம். இரண்டையும் வைத்திருந்தால் ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டு மற்றது பொய் சொல்ல ஆரம்பிக்கும். சி, ஃபோர்ட்ரான் கலந்த திட்டம் வேறு மாதிரி. அறிவியல் கணிப்பு நூலகமான சைபை 2022-இல் 1.9 பதிப்போடு மெசன் என்ற பில்ட் டூலுக்கு மாறியபோது, பழைய டிஸ்டியூட்டில்ஸ் வழியையும் சிறிது காலம் வைத்திருந்தது. வெவ்வேறு கம்பைலர், வெவ்வேறு பிளாஸ் (அணிக் கணக்கு) நூலகங்களோடு கட்டுகிறவர்களின் சிக்கல்கள் உங்கள் சிஐயில் தெரியாது; அவர்கள் கட்டிப் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். புதிய டூலில் வந்த ஒரு ரிலீஸையாவது அவர்கள் கட்டி முடிக்கும்வரை பழையது இருக்கட்டும். எந்தப் பதிப்பில் நீக்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் ரிலீஸ் குறிப்பில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.