சீல் மாத்தியும் ஆயில் ஒழுகுதா? மொதல்ல பிரீதர கழட்டி பாருங்க

குக்கர் வெயிட் போடுற ஓட்டைல பருப்பு போய் அடைச்சுக்கிச்சுன்னா ஆவி எங்க போகும், மூடி ஓரமா கேஸ்கெட்ட தள்ளிக்கிட்டு புஸ்ஸுனு வரும். அதுக்கு புது கேஸ்கெட் வாங்கி போட்டா நிக்குமா, நிக்காது. இதே கூத்துதான் என் டீசல் வேன்ல நடந்துச்சு. கியர்பாக்ஸ் எறக்கி கிராங்க் பின்சீல், அதாவது இன்ஜின் பின்பக்கம் ஆயில் வெளிய வராம தடுக்கற ரப்பர் வளையம், மாத்துனோம், ரெண்டு மாசத்துல திரும்ப ஒழுகுச்சு, சரி சீல் டூப்ளிகேட்டா இருக்கும்னு இன்னொரு தடவ எறக்கி மாத்துனோம், அப்பவும் ஒழுகுச்சு. மூணாவது தடவ "பேக் கம்ப்ரஷன் அடிக்குது சார், ரிங்கு போச்சு, இன்ஜின் பிரிக்கணும்"னு சொல்லிட்டாங்க, அதாவது பிஸ்டன் ரிங்கு தேஞ்சு கேஸ் கீழ எறங்குதாம். கடைசில பாத்தா டேப்பட் கவர் (இன்ஜின் மேல் மூடி) பக்கத்துல இருக்கற ஆயில் செபரேட்டர், நம்ம ஊர்ல பிரீதர் பாக்ஸுனு சொல்றது, அது உள்ள தார் ஊத்துன மாதிரி அடைச்சு கெடந்துச்சு. சீல் சின்ன காசு, ரெண்டு தடவ கியர்பாக்ஸ் எறக்குன கூலிதான் இன்னும் வயித்தெரிச்சல்.

அது என்ன வேல செய்யுதுனு தெரிஞ்சாதான் கழட்டும்போது எத பாக்கணும்னு புரியும். எவ்ளோ நல்ல இன்ஜினா இருந்தாலும் பிஸ்டன் ரிங்க தாண்டி கொஞ்சம் கேஸ் கீழ ஆயில் சம்ப்புக்கு (இன்ஜின் அடில ஆயில் தேங்கற தொட்டி) எறங்கத்தான் செய்யும். அத வெளிய விடலேன்னா உள்ள பிரஷர் ஏறும், அந்த குக்கர் மாதிரி சீல் ஓரமா ஆயில தள்ளும். அந்த கேஸ்ல ஆயில் பொடிப்பொடியா பனி மாதிரி கலந்திருக்கும், அத அப்படியே டர்போ (காத்த அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பற விசிறி) வாய்ல விட்டா அந்த காத்த ஆறவைக்கற இன்டர்கூலர் பூரா ஆயில், பொகைய திரும்ப உள்ள விடற ஈஜிஆர் கரியோட சேந்தா காத்து உள்ள போற இன்டேக் மேனிஃபோல்டுல கெட்டித்தார். அதனால நடுவுல ஒரு டப்பா வெச்சு ஆயில பிரிச்சு கீழ சம்ப்புக்கு அனுப்பிட்டு கேஸ மட்டும் டர்போவுக்கு விடறாங்க. சில இன்ஜின்ல உள்ள சுழல விட்டு பிரிக்கும், சிலதுல தடுப்பு தடுப்பா இருக்கும், சிலதுல ஃபெல்ட் இல்ல பேப்பர் எலிமென்ட் இருக்கும். பழைய பிஎம்டபிள்யூ டீசல்ல ஃபெல்ட் ரோல் வந்துச்சு, அது அடைக்குதுனு பின்னாடி சுழல் டைப்புக்கு மாத்துனாங்க. நெறைய டப்பால ஸ்பிரிங்கோட ஒரு மெல்லிசான ரப்பர் தகடு, டயஃப்ராம்னு சொல்றது, அதுவும் இருக்கும், டர்போ ரொம்ப இழுத்துடாம அதுதான் அளவு பாத்துக்கும்.

நம்ம சென்னை ஓட்டத்துக்கு இது சீக்கிரம் அடைக்கும். காலைல கெளம்பி ஸ்கூல் டிராப், வீடு, சாயங்காலம் ஒரு சின்ன ரவுண்டு, இல்லேன்னா ஓஎம்ஆர்ல ஏசிய போட்டுட்டு ஐடில்ல நிக்கறது. ஆயில் முழுசா சூடாகாது, அந்த கேஸோட வர்ற ஈரம் உள்ளயே நின்னுடும், ஆயில் மூடிய தொறந்தா அடில பால்கோவா மாதிரி வெளுத்த பசை ஒட்டியிருக்கும். அத பாத்ததும் ஹெட் கேஸ்கெட் போச்சுனு பயந்துடாதீங்க, ரேடியேட்டர் தண்ணி கொறையல, டிப்ஸ்டிக்ல ஆயில் சுத்தமா இருக்குன்னா பெரும்பாலும் வெறும் ஈரந்தான்.

இப்போ செக் பண்றது. ஐடில்ல ஆயில் மூடிய லூஸ் பண்ணி வெச்சா ஆடுது, அதனால ரிங்கு போச்சுனு பல பேர் சொல்லுவாங்க, டீசல்ல அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அத மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. கொத்தனார் மட்டம் பாக்குற, உள்ள தண்ணி தெரியற பிளாஸ்டிக் ட்யூப் இருக்குல்ல, அதுல ரெண்டு மூணு மீட்டர் வாங்குங்க. பழைய ஆயில் மூடி ஒண்ணுல ஓட்ட போட்டு ட்யூப டைட்டா சொருகி, மிச்சத்த யூ மாதிரி தொங்கவிட்டு பாதி தண்ணி ஊத்துங்க. அந்த யூவோட கால் ரெண்டும் நல்லா நீளமா இருக்கணும், இல்லேன்னா இழுக்கற இன்ஜினா இருந்தா தண்ணிய உள்ள இழுத்துடும். இன்ஜின் சூடானதும் ஐடில்லயும், கொஞ்சம் ரேஸ் பண்ணியும் ரெண்டு பக்க தண்ணிக்கும் எவ்ளோ வித்தியாசம்னு ஸ்கேல் வெச்சு குறிச்சுக்கங்க. 10 செ.மீ. வித்தியாசம்னா சுமார் 1 கிலோ பாஸ்கல், சர்வீஸ் மேனுவல்ல உங்க இன்ஜின் லிமிட் இருக்கும், ஒப்பிட்டு பாத்துக்கலாம். தண்ணிய வெளிய தள்ளுனா உள்ள பிரஷர், பலமா உள்ள இழுத்து எங்கயோ விசில் மாதிரி சத்தமும் வந்தா டயஃப்ராம் கிழிஞ்சிருக்கும்.

அடுத்தது, டேப்பட் கவர்லேந்து செபரேட்டருக்கு போற ஹோஸ தனியா கழட்டிவிட்டு ஐடில்ல மட்டும் ஒரு நிமிஷம் அளந்து பாருங்க. தண்ணி ரெண்டு பக்கமும் சமமா வந்துடுச்சுன்னா அடைப்பு செபரேட்டர்லதான். அப்பவும் அந்த ஹோஸ்லேந்து குப்குப்புனு பொகையா அடிக்குதுன்னா ரிங்கு சந்தேகம், கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தம் அளக்கறது) எடுங்க, பிரீதர சுத்தம் பண்ணி அது சரியாகாது.

கழட்டறது இன்ஜின் ஆறுன பிறகு. எஞ்சின் கவர எடுத்தா பெரும்பாலும் 10 எம்எம் போல்ட்டோ நட்சத்திர போல்ட்டோ நாலஞ்சு இருக்கும். ஹோஸ ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, சூட்டுல காஞ்ச பிளாஸ்டிக், முறுக்கு மாதிரி ஒடையும், மெல்ல திருப்பி திருப்பி இழுங்க. டர்போ பக்கம் ஹோஸ் வந்ததும் மொத வேலையா அந்த வாய்ல நூல் பிரியாத துணிய அடைங்க. லட்சம் ஆர்பிஎம்முக்கு மேல சுத்தற வீல் அது, ஒரு குட்டி வாஷர் விழுந்தாலும் டர்போ கத முடிஞ்சுது. வேல முடிஞ்சதும் துணிய எடுக்க மறந்துட கூடாது, அதுக்கு நான் சாவிய அந்த துணில கட்டி வெச்சுடுவேன்.

பேப்பர் இல்ல ஃபெல்ட் எலிமென்ட்டா இருந்தா கழுவி போடற ஐடியாவே வேணாம், புதுசுதான். சுழல் டைப், தடுப்பு டைப்னா டீசல்ல ஒரு ராத்திரி ஊறவெச்சு பிரஷ் போட்டு காலைல காத்தடிச்சு காயவிடலாம். பெட்ரோல், கார்ப் கிளீனர் எல்லாம் டயஃப்ராம் மேல படக்கூடாது, ரப்பர் ஊதிப்போய் ஓரம் சுருண்டுடும். டயஃப்ராம வெளிச்சத்துல புடிச்சு லேசா இழுத்து பாருங்க, ஊசி ஓட்ட இருந்தாலும் மாத்துங்க. சென்னை ஜிபி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்கள்ல டயஃப்ராம் மட்டும் ரிப்பேர் கிட்டா தனியா கேட்டு பாருங்க, பல மாடலுக்கு டப்பாவோடதான் வரும். பழைய பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டைல பழசு வாங்குனா அதுவும் பாதி அடைச்சதாதான் இருக்கும், எனக்கு இஷ்டமில்ல.

எல்லாரும் விட்டுடற எடம் கீழ சம்ப்புக்கு போற டிரெயின் வழி. மேல எவ்ளோ சுத்தமா இருந்தாலும் இது அடைச்சா பிரிஞ்ச ஆயில் டப்பாலயே ரொம்பி டர்போவுக்கு போயிடும். கொஞ்சம் புது ஆயில ஊத்தி பாருங்க, சொய்னு எறங்கணும். நடுவுல ஒன்வே வால்வு இருந்தா வாய் வெச்சு ஊதாதீங்க, சின்ன ட்யூப் சொருகி ஊதுங்க, ஒரு பக்கந்தான் போகணும்.

மாட்டும்போது ஓ ரிங் (ரப்பர் வளையம்) புதுசு, ஆயில் தடவி. கேஸ்கெட் வர்ற எடத்துல அனபாண்ட் மாதிரி ஒட்டற பேஸ்ட அப்பற பழக்கம் வேணாம், பிதுங்குனது உள்ள விழுந்து ஆயில் வழிய அடைக்கும். பிளாஸ்டிக் கவர் சின்ன போல்ட்டுக்கு பொதுவா 8லேந்து 10 நியூட்டன் மீட்டர் போதும், கை பலத்த காட்டாதீங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்டர்கூலர் கீழ் ஹோஸ கழட்டி தேங்குன ஆயில வடிச்சே ஆகணும். டீசலுக்கு ஸ்பார்க் கெடயாது, ஆயில இழுத்து எரிக்க ஆரம்பிச்சா சாவிய எடுத்தாலும் நிக்காம அது பாட்டுக்கு ரேஸ் ஏறும். அப்படி ஆச்சுன்னா மேனுவல் வண்டில பிரேக்க அழுத்தி டாப் கியர் போட்டு கிளட்ச விட்டு ஆஃப் பண்ணுங்க, ஆட்டோமேட்டிக்னா காத்து வழிய கெட்டி பலகையால மூடணும், கையோ துணியோ வைக்காதீங்க. வடிச்ச ஆயில தெரு கால்வாய்ல ஊத்தாம கேன்ல புடிச்சு வேஸ்ட் ஆயில் எடுக்கறவங்ககிட்ட குடுங்க.

சில பேர் இந்த தொல்லையே வேணாம்னு ஹோஸ கழட்டி ஒரு வாட்டர் பாட்டில்ல விட்டுடுவாங்க. டர்போ இழுவை இல்லாம உள்ள ஈரம் தங்கும், கேபின்ல நாத்தம், 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புது பொகை விதி) வண்டில செக் லைட் எரியவும் வாய்ப்பிருக்கு.

எல்லாம் மாட்டி சூடு பண்ணிட்டு அந்த கொத்தனார் ட்யூப திரும்ப சொருகி மொத குறிச்ச அளவோட பாருங்க. நல்லா கொறஞ்சிருந்தா பின்சீல தொடைச்சு விட்டு ஒரு 500 கி.மீ. ஓட்டுங்க. அப்பவும் சொட்டுனாதான் கியர்பாக்ஸ எறக்கற பேச்சு.