டெரியாக்கி: சுண்ட வைக்கும் பதம்தான் எல்லாம்

டெரியாக்கி என்பது சோயா சாஸும் சீனியும் கலந்து சுண்ட வைத்துக் கறி மேல் பூசும் ஜப்பானியச் சமையல். ஜப்பானிய மொழியில் ‘தெரி’ என்றால் பளபளப்பு, ‘யாக்கி’ என்றால் சுட்டது, வாட்டியது. கறித்துண்டின் மேல் எண்ணெய்ப் பூச்சு பூசினாற்போல மினுங்க வேண்டும். சீனி சுண்டுவதால்தான் அந்த மினுக்கம் வருகிறது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்குப் பாதி வேலை முன்பே தெரியும்.

ஜப்பானில் சோயா சாஸ், மிரின், சாக்கே, சீனி சேர்ப்பார்கள். சாக்கே என்பது அரிசி மது, மிரின் என்பது இனிப்பான அரிசி மது. இவற்றைத் தேடி மதுரைக் கீழமாசி வீதியில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். அரைக் கிலோ கோழிக்கு லைட் சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 4, சீனி 2, வினிகர் 1 தேக்கரண்டி, இஞ்சிச் சாறு 1 தேக்கரண்டி. சீனி கரையக் கலக்கி வையுங்கள். உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். சாஸில் இருப்பது சுண்டும்போது இன்னும் ஏறும். டார்க் சோயா நிறத்துக்குத்தான், அரைத் தேக்கரண்டி போதும். வெல்லம் போட்டால் சோயா வாசத்தை அமுக்கிவிடும். நிறமும் கறுத்து, பதம் கண்ணுக்குப் பிடிபடாது.

கறிக்கடையில் தொடைப் பீஸ், எலும்பு எடுத்து, தோலோடு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள். நெஞ்சுக்கறி சாஸ் சுண்டுவதற்குள் வறண்டுபோகும். கழுவிய ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் கறி வேகும், சிவக்காது.

விளிம்புள்ள அகலச் சட்டி வேண்டும். தோசைக்கல்லில் சாஸ் ஓரத்துக்கு ஓடிக் கருகும். மறுநாள் தோசையும் எழும்பாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி மிதமான தீயில் 7 அல்லது 8 நிமிடம் அசைக்காமல் விடுங்கள். திருப்பிப் போட்டு 5 நிமிடம். தடித்த இடத்தில் கத்தியால் குத்தினால் வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். இப்போது சட்டியில் தேங்கிய கொழுப்பை வடித்துவிடுங்கள். விட்டால் சாஸ் கறியில் ஒட்டாமல் வழுக்கும்.

அதன் பிறகுதான் சாஸ். முதலிலேயே ஊற்றினால் சீனி கருகிக் கசக்கும், உள்ளே கறி பச்சையாகவே இருக்கும். ஊற்றியதும் பொடிக் குமிழாகச் சலசலவென்று கொதிக்கும். மூன்று, நான்கு நிமிடத்தில் குமிழ் பெரிதாகி, மினுங்கிக்கொண்டு மெதுவாக உடையும். சட்டியைச் சாய்த்துக் கரண்டியால் கறி மேல் வாரி வாரி ஊற்றிக்கொண்டே இருங்கள். அடியில் கரண்டியால் ஒரு கோடு இழுத்தால், அது ஒரு நொடி நின்று மூட வேண்டும். அதோடு அடுப்பை அணையுங்கள். கம்பிப் பதம் வரை போனால் தட்டில் ஆறியதும் பல்லில் ஒட்டும். கைமீறிப் போனால் ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு இளக்கலாம். சோள மாவு கரைத்து ஊற்றினாலும் கெட்டியாகும்தான், ஆனால் அது சில்லி சிக்கன் கிரேவி.

வஞ்சிரம் என்றால் பக்கத்துக்கு 3 நிமிடம் பொரித்து வெளியே எடுத்துவிட்டு, சாஸைத் தனியாகச் சுண்ட வைத்து மேலே ஊற்றுங்கள்; கூடவே கொதிக்கவிட்டால் துண்டு உடையும். பனீருக்கும் அப்படியே.

எள் வாசத்துக்கென்று கடைசியில் நல்லெண்ணெய் விட வேண்டாம், அதன் வாசம் வேறு. வெறும் சட்டியில் வறுத்த வெள்ளை எள்ளைத் தூவி, சற்றுக் குழைய வடித்த பொன்னிச் சோற்றோடு சூடாகப் பரிமாறுங்கள்.