பொம்மை வாங்காமலே புதுப் பொம்மை

குழந்தையின் விளையாட்டுச் சாமான்களில் நாலைந்தை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மிச்சத்தைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கொரு முறை மாற்றினால் பழையதே புதிதாகத் தெரியும், கடைச்செலவு மிச்சம்.

எல்லாம் பரவிக் கிடந்தால் ஒன்றைத் தொட்டதும் கண் அடுத்ததற்குத் தாவிவிடும். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மைகளைவிட 4 பொம்மைகள் இருந்தபோது சிறு குழந்தைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், பல விதமாக விளையாடின. அந்த "பல விதம்"தான் முக்கியம்: சொப்புச் சட்டியே தொப்பியாகும், மேளமாகும்.

அடுக்க ஒன்று, உருட்ட ஒன்று, சமையல் விளையாட்டுக்கு ஒன்று எனக் கலந்து வையுங்கள். கட்டைகளைப் பாதியாகப் பிரிக்காதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் கோபுரம் எழும்பாது. பேட்டரியைக் கழற்றிவிட்டே பெட்டியில் போடுங்கள், உள்ளேயே கசிந்தால் பொம்மை வீண்.

கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையை மட்டும் எடுக்கவே கூடாது. பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் கேட்காமல் ஒளித்தால் சண்டைதான் மிஞ்சும். எதை ஏற்றுவதென்று அவர்களே சொல்லட்டும்.