பேசாமல் போன பீப் ஒலி

சோமனூரில் உள்ள எங்கள் விசைத்தறிக் கூடத்தின் கணக்குக் கணினியில் இன்றும் விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடுகிறது. நூல் எடையைத் தவறாகப் பதிந்தால் 'பீப்' என்று எச்சரிக்கும் பழைய மென்பொருளை விட மனமில்லை. சென்ற மாதம் அந்த ஒலி நின்றுவிட்டது.

உள் ஸ்பீக்கரே பழுது என்று எண்ணிப் பெட்டியைத் திறந்தேன். பஞ்சுத் தூசி மெத்தைபோல் படிந்திருந்ததே தவிர, மதர்போர்டில் அதன் வயர் உறுதியாகவே செருகப்பட்டிருந்தது. மின்சாரம் கொடுத்தவுடன், விண்டோஸ் தொடங்கும் முன்பே, கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ் எழுப்பும் ஒற்றை பீப் தெளிவாகக் கேட்டது. இதை முதலிலேயே கவனித்திருந்தால் ஸ்குரூ டிரைவரைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. இவ்வொலி சவுண்டு கார்டு வழியே வராததால், வால்யூமைக் கூட்டிப் பார்த்ததும் வீண்.

கணினியின் சாதனங்களை நிர்வகிக்கும் டிவைஸ் மேனேஜரின் 'வியூ' பட்டியலில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் செய்து, 'நான்-பிளக் அண்ட் பிளே டிரைவர்ஸ்' என்பதன் கீழிருந்த, அந்த ஒலியை இயக்கும் சிறு மென்பொருளான 'பீப்' டிரைவரைத் திறந்தபோது, அதன் தொடக்க வகை 'டிசேபிள்டு' (முடக்கப்பட்டது) என்றிருந்தது. இரவு முழுவதும் தறிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் யாரோ ஒருவருக்கு இந்தச் சிறு ஒலி மட்டும் பொறுக்கவில்லை போலும். அதை 'சிஸ்டம்' என மாற்றி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டில், டிரைவரை உடனே இயக்க 'நெட் ஸ்டார்ட் பீப்' என்று தட்டச்சு செய்தேன். கணினியை மறுபடி தொடங்காமலேயே ஒலி திரும்பியது.