எல்விஎம் அமைப்பிலிருந்து ஒரு வட்டைத் தரவு இழக்காமல் கழற்றுவது எப்படி

எல்விஎம் (பல வட்டுகளின் இடத்தை ஒன்றாகச் சேர்த்துப் பங்கிடும் லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) முறையில் அமைந்த லினக்ஸ் சர்வரிலிருந்து ஒரு வட்டை வெளியே எடுக்க வேண்டிய தேவை பல காரணங்களால் வரும். வட்டு பழையதாகிவிட்டிருக்கலாம், சிறியதை எடுத்துவிட்டுப் பெரியதைப் பொருத்த வேண்டியிருக்கலாம், அல்லது வட்டின் உள் சுயசோதனையான ‘ஸ்மார்ட்’ சோதனையில் பழுதான செக்டர்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருக்கலாம். காரணம் எதுவாயினும், வட்டு நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே வேலையைத் தொடங்கினால் சர்வரை நிறுத்தாமலும், பயனர்களுக்குத் தெரியாமலும் முடித்துவிடலாம். எல்விஎம்மை வைத்துக்கொள்வதன் பெரும்பயனே இதில்தான் இருக்கிறது.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், ரூட் உரிமையுடன் தட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு கோப்பு சர்வரை வைத்துக்கொள்வோம். அதில் ‘விஜிடேட்டா’ என்ற வால்யூம் குரூப்பில், அதாவது வட்டுகளின் கூட்டுத் தொகுப்பில், இரண்டு பிசிக்கல் வால்யூம்கள் (எல்விஎம்மிடம் ஒப்படைத்த வட்டுகள் அல்லது பார்ட்டிஷன்கள்) உள்ளன: 1 டெராபைட் அளவுள்ள பழைய வட்டான எஸ்டிபி1, 2 டெராபைட் அளவுள்ள எஸ்டிசி1. வெளியேற வேண்டியது எஸ்டிபி1.

எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் நிலையானவை அல்ல. வட்டுகள் கண்டறியப்படும் வரிசையில் கெர்னல் அவற்றை இடுகிறது என்பதால், ஒரு மறுதொடக்கத்துக்குப் பிறகு அவை இடம் மாறியிருக்கக்கூடும். ஆகவே வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடல், சீரியல் என்ற இரண்டு பத்திகளையும் கேட்டு வாங்கி, வெளியேற வேண்டிய வட்டின் சீரியல் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் பெட்டியைத் திறந்து வட்டின் மேல் ஒட்டியுள்ள லேபிளைப் பார்க்கும்போது அந்த எண் ஒன்றுதான் உறுதியான சாட்சி. அதே பட்டியலில், வெளியேறும் வட்டில் வேறு பார்ட்டிஷன்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பூட் பார்ட்டிஷன், யுஇஎஃப்ஐ பார்ட்டிஷன் ஆகியவை பெரும்பாலும், ஸ்வாப் சில சமயம், எல்விஎம்முக்கு வெளியே தனியாக இருக்கும், அவற்றை எல்விஎம் கட்டளைகள் தொடுவதில்லை. அவற்றைக் கவனியாமல் வட்டைக் கழற்றினால் தரவு முழுவதும் பத்திரமாக இருந்தும் இயந்திரம் எழுந்திருக்காது.

அடுத்து இடக் கணக்கு. பிவிஎஸ் கட்டளையைத் தட்டினால் ஒவ்வொரு பிசிக்கல் வால்யூமுக்கும் மொத்த அளவு ‘பிசைஸ்’ பத்தியிலும் காலியிடம் ‘பிஎஃப்ரீ’ பத்தியிலும் வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்த வட்டில் ஒதுக்கப்பட்டுள்ள இடம். எஸ்டிபி1-இல் 600 ஜிபி ஒதுக்கப்பட்டிருந்து, எஸ்டிசி1-இல் 700 ஜிபி காலியாக இருந்தால் நேரடியாக மேலே செல்லலாம். இங்கே பலர், கோப்பு முறைமையின் காலியிடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையின் கணக்கைப் பார்த்து ஏமாறுகிறார்கள். கோப்பு முறைமைக்குள் பாதி காலியாக இருந்தாலும், லாஜிக்கல் வால்யூமுக்கென்று (குரூப்பிலிருந்து பிரித்துக் கொடுத்த, கோப்பு முறைமை அமரும் பகுதி) அந்த வட்டில் ஒதுக்கப்பட்ட எக்ஸ்டென்ட் (இடத்தின் சம அளவுத் துண்டு) அத்தனையும் நகர்ந்தாக வேண்டும். எல்விஎம்முக்குக் கோப்புகள் தெரியாது, எக்ஸ்டென்ட்கள் மட்டுமே தெரியும். அவற்றின் இயல்பான அளவு 4 எம்ஐபி. எந்த லாஜிக்கல் வால்யூம் எந்த வட்டில் கிடக்கிறது என்று அறிய, எல்விஎஸ் கட்டளைக்கு ‘ஹைபன் ஏ’ விருப்பத்தையும், ‘ஹைபன் ஓ’வுக்குப் பின் ‘பிளஸ் டிவைசஸ்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சதுர அடைப்புக்குள் தோன்றும் பெயர்கள் தின்பூல் (தேவைக்கேற்ப இடம் தரும் தொகுப்பு), ரெய்டு (தரவைப் பல வட்டுகளில் பரப்பும் முறை) முதலியவற்றின் உள் அங்கங்கள், அவையும் கணக்கில் சேரும்.

இடம் போதவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. புதிய வட்டு ஒன்றைச் சேர்ப்பதே நல்லது: அதில் பார்ட்டிஷன் உருவாக்கி, பிவிகிரியேட் கட்டளையால் பிசிக்கல் வால்யூமாக்கி, விஜிஎக்ஸ்டெண்ட் கட்டளையால் விஜிடேட்டாவில் இணைத்துவிட்டால் போதும். பழைய வட்டு 512 பைட் லாஜிக்கல் செக்டரும் புதியது 4096 பைட் லாஜிக்கல் செக்டரும் கொண்டவையாக இருந்தால் அண்மைக்கால எல்விஎம் பதிப்புகள் இணைக்க மறுக்கும். அந்தத் தடையை அமைப்புக் கோப்பில் நீக்கிவிட்டு முன்னேறுவது தவறு, ஏனெனில் 512 பைட் செக்டரில் உருவான எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை நகர்ந்த பிறகு மவுன்ட் ஆகாமல் (பயன்பாட்டுக்கு இணையாமல்) போய்விடும்.

இரண்டாவது வழி, இருக்கும் லாஜிக்கல் வால்யூமைச் சுருக்குவது. ஈஎக்ஸ்டி4 ஆனால் மவுன்டிலிருந்து எடுத்த பிறகு, எல்விரெட்யூஸ் கட்டளையை ‘ரீசைஸ்எஃப்எஸ்’ விருப்பத்துடன் இட வேண்டும். அது முதலில் கோப்பு முறைமையைச் சோதித்துச் சுருக்கிவிட்டு, அதன் பிறகே வால்யூமைச் சுருக்கும். இந்த விருப்பத்தை விட்டுவிட்டு வால்யூமை மட்டும் சுருக்கினால் கோப்பு முறைமையின் வால் வெட்டுப்பட்டுவிடும். எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் சுருக்க இயலாது. புதிய சிறிய வால்யூமை உருவாக்கிக் கோப்புகளை நகலெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுருக்கும்போது வால்யூமின் கடைசிப் பகுதி விடுபடுகிறது, அந்தப் பகுதி எந்த வட்டில் இருந்தது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். எனவே பிவிஎஸ்ஸை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

நகர்த்தத் தொடங்கும் முன் தரவின் காப்பு நகலை எடுத்து, அதிலிருந்து ஒன்றிரண்டு கோப்புகளையாவது மீட்டெடுத்துப் பாருங்கள். விஜிசிஎஃப்ஜிபேக்கப் கட்டளை வால்யூம் குரூப்பின் வரைபடத்தை மட்டுமே சேமிக்கும், தரவை அன்று. ஆயினும் அதையும் செய்து, கோப்பை வேறொரு இயந்திரத்தில் வையுங்கள். பின்னர் பிவிசேஞ்ச் கட்டளையை ‘ஹைபன் எக்ஸ் என்’ விருப்பத்துடன் எஸ்டிபி1-க்கு இட்டால், அந்த வட்டில் இனிப் புதிய ஒதுக்கீடு எதுவும் நடக்காது. பலர் நிர்வகிக்கும் சர்வரில் இது மிகவும் தேவை.

இப்போது முதன்மைப் பணி: ‘பிவிமூவ்’ என்று தட்டி, அதன்பின் மூல வட்டின் பாதையையும் சேருமிட வட்டின் பாதையையும் கொடுங்கள். சேருமிடத்தைச் சொல்லாவிட்டால் குரூப்பில் எங்கே காலியிடம் உள்ளதோ அங்கெல்லாம் அதுவாகப் பரப்பிவிடும். பிவிமூவ் எக்ஸ்டென்ட்களை வெட்டி ஒட்டுவதில்லை. தற்காலிகமான ஒரு மிரரை (இணைப் பிரதியை) அமைத்து, பழைய இடமும் புதிய இடமும் ஒத்த பிறகே பழைய பிரதியை விடுவிக்கிறது. இதற்கிடையில் பயனர்கள் எழுதும் எதுவும் இரு பக்கமும் சேர்கிறது. இதனால்தான் மவுன்டை எடுக்காமலேயே நகர்த்த முடிகிறது. முன்னேற்றம் இயல்பாக 15 விநாடிக்கு ஒருமுறை சதவீதமாகத் திரையில் வரும். நூற்றுக்கணக்கான ஜிபி நகர மணிக்கணக்கில் ஆகும், வட்டின் வேகமும் அந்நேரத்தில் குறையும். இணைப்பு அறுந்தாலும் தொடரும் டீமக்ஸ் போன்ற அமர்வுக்குள் இதை ஓட்டுவதும், இரவு நேரக் காப்பு வேலைகளுடன் மோதாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

இடையில் மின்சாரம் போனால் அஞ்ச வேண்டியதில்லை. இயந்திரம் எழுந்த பிறகு பிவிமூவ் என்று மட்டும், வட்டின் பெயரின்றித் தட்டினால், கடைசியாகப் பதிவான கட்டத்திலிருந்து தொடரும். கைவிட விரும்பினால் ‘அபார்ட்’ விருப்பம் இருக்கிறது, ஆனால் அதற்குள் நகர்ந்து முடிந்த பகுதிகள் இயல்பாகப் புதிய இடத்திலேயே இருக்கும். ரெய்டு வகை வால்யூம்களுக்குப் பிவிமூவைவிட எல்விகன்வெர்ட் கட்டளையின் ‘ரீப்ளேஸ்’ விருப்பமே ஏற்றது. பிரதிகள் வெவ்வேறு வட்டுகளில் இருக்க வேண்டும் என்ற விதியை அது காப்பாற்றும்.

நகர்ந்து முடிந்ததும் பிவிஎஸ்ஸில் எஸ்டிபி1-க்கு எதிரே பிசைஸும் பிஎஃப்ரீயும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் விஜிரெட்யூஸ் கட்டளையில் குரூப்பின் பெயரையும் வட்டின் பாதையையும் தந்து பிரியுங்கள். வட்டில் ஒரு எக்ஸ்டென்ட் மிச்சமிருந்தாலும் இக்கட்டளை மறுத்துவிடும், அந்த மறுப்பை மதியுங்கள். பிறகு பிவிரிமூவ் எல்விஎம்மின் முத்திரையை அழிக்கும். ஆர்எச்இஎல் 9 (ரெட் ஹாட் லினக்ஸ்) போன்ற அமைப்புகளில் எல்விஎம் பார்க்க வேண்டிய வட்டுகளின் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கும். எல்விஎம்டிவைசஸ் கட்டளையால் பட்டியலைப் பார்த்து, பழைய வட்டு அதில் எஞ்சியிருந்தால் நீக்குங்கள். மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பைத் தொட வேண்டியதில்லை, லாஜிக்கல் வால்யூமின் பெயரும் யுயுஐடியும் (தனி அடையாள எண்ணும்) மாறவில்லை. ஹாட்ஸ்வாப் (இயங்கும்போதே வட்டை மாற்றும்) வசதி இல்லாத இயந்திரத்தை அணைத்து, குறித்துவைத்த சீரியல் எண்ணை லேபிளுடன் ஒப்பிட்ட பிறகே கேபிளைப் பிடுங்குங்கள். பிவிரிமூவ் தரவை அழிப்பதில்லை என்பதால், வட்டை வேறொருவருக்குக் கொடுப்பதானால் முழுவதையும் மேலெழுத வேண்டும்.

வட்டு படிப்பதிலேயே பிழை காட்டினால் பிவிமூவ் ஏற்றதன்று, தடுக்கி நின்றுவிடும். அந்நிலையில் வால்யூம் குரூப்பைச் செயலிழக்கச் செய்துவிட்டு, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு அதே அளவோ அதற்கு மேலோ உள்ள வட்டுக்கு முழுப் பிரதி எடுங்கள். எல்விஎம் வட்டுகளைத் தன் யுயுஐடியால் அடையாளம் காண்பதால் பிரதியை அசலாகவே ஏற்றுக்கொள்ளும். அதே காரணத்தால் அசலும் பிரதியும் ஒரே நேரத்தில் இயந்திரத்தில் இருக்கக் கூடாது.

வட்டு முற்றிலும் இறந்துவிட்டதென்றால் விஜிரெட்யூஸ் கட்டளையின் ‘ரிமூவ்மிஸ்ஸிங்’ விருப்பம் காணாமற்போன பிசிக்கல் வால்யூமைக் குரூப்பிலிருந்து நீக்கும். இறந்த வட்டில் ஒரு பகுதியாவது கொண்ட லாஜிக்கல் வால்யூம் இருந்தால் அது நின்றுவிடும். ‘ஃபோர்ஸ்’ சேர்த்தால் அந்த வால்யூமை முழுவதுமாக நீக்கிவிடும், நல்ல வட்டில் இருக்கும் பாதியும் அதோடு போகும். ஆகவே ஃபோர்ஸைத் தட்டும் முன், குரூப்பைப் ‘பார்ஷியல்’ முறையில் (வட்டு குறைந்த நிலையிலேயே) இயக்கி, வால்யூமைப் படிக்க மட்டும் மவுன்ட் செய்து, எடுக்க முடிந்த கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள்.