புதிதாகக் கனடா வந்திருக்கும் சேலத்துக்காரர்களுக்கு: ஊருக்குக் குறைந்த செலவில் பேச

வந்து இறங்கிய வாரமே வீட்டுக்கு இன்டர்நெட் போட்டுவிடுவீர்கள். விற்கிறவர் 500 எம்பிபிஎஸ், 1 ஜிபிபிஎஸ் என்று அடுக்கிக்கொண்டே போவார். ஊருக்குப் பேசத்தானே என்று பெரிய பிளானை வாங்கிவிடாதீர்கள். பழைய லேண்ட்லைன் தரத்தில் பேசினாலும் ஒரு காலுக்குப் போக 100, வர 100 கேபிபிஎஸ்கூட, அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது. ஆப்களுக்கு அதைவிடக் குறைவே போதும். வீடியோவுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அதற்கும் இங்குள்ள சின்ன பிளானே தாராளம்.

கவனிக்க வேண்டியது சேலத்து வீட்டை. இது புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது. கால் விட்டு விட்டுக் கேட்கும்போதெல்லாம் "உன்ற நெட்டுதான் செரியில்ல கண்ணு" என்பார் அம்மா. "இல்லம்மா, உங்க நெட்டுதான்" என்பேன் நான். போன ஆடிக்கு லீவில் கன்னங்குறிச்சி போனபோதுதான் பார்த்தேன். கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன், வயர் எட்டவில்லை என்று ரவுட்டரைப் படுக்கையறை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அம்மா பேசுவது சமையல்கட்டில், அடுப்பில் ஒரு கண் வைத்துக்கொண்டு. நடுவில் இரண்டு சுவர், ஒரு பீரோ, பீரோ மேல் இரண்டு பித்தளை அண்டா. வை-ஃபை பாவம் என்ன செய்யும்? வேறு ஆளைக் கூப்பிட்டு ரவுட்டரை ஹால் பரணுக்கு மாற்றினோம். "கேக்குதா, கேக்குதா" என்பது அன்றோடு நின்றது. இன்னும் ஊரை விட்டுக் கிளம்பாதவர் யாராவது இதைப் படித்தால், பெட்டி கட்டுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிட்டு வாருங்கள். போனில் சொல்லிச் செய்யவைப்பது பெரும்பாடு.

அடுத்தது கரண்ட். இங்கே டொராண்டோவில் சனிக்கிழமை காலை 9.30 என்றால் கோடையில் அங்கே இரவு 7 மணி. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடியோடு மழை வந்தால் கரண்ட் போவதும் அதே நேரம்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், ரவுட்டர் சொருகியிருக்கும் பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேனும் டியூப்லைட்டும் இருக்கும், இது விட்டுப்போயிருக்கும். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் கரண்ட் வேண்டும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள், ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் சின்ன தாமதம் இருக்கும். டொராண்டோவுக்கும் சேலத்துக்கும் நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அதனால் ஒரு வழிக்கே 65 மில்லிவினாடி போய்விடும், கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். 150 வரை காதுக்குப் பெரிதாகத் தெரியாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பீர்கள். அம்மா பேசி முடித்த பிறகு ஒரு மூச்சு விட்டுப் பேசிப் பழகுங்கள்.

ஸ்மார்ட்போன் இருக்கிற வீட்டுக்கு வாட்ஸ்அப் போதும். சிக்னல் மோசமான இடமென்றால் அதன் செட்டிங்ஸில் அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்தும் வசதி இருக்கிறது, இரண்டு பக்கமும் போட்டுவிடுங்கள். துபாய்க்குப் போன சொந்தக்காரர்களுக்கு இது ஆகாது. அங்கே வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் போகாது. போடிம் மாதிரி அனுமதி வாங்கிய ஆப்தான்.

எங்கள் அத்தை ஏற்காட்டில், நாகலூர் பக்கம். கையில் பட்டன் போன். சில்வர் ஓக் கிளை ஒன்று லைனில் விழுந்தால் இரண்டு நாளைக்குக் கரண்ட் இருக்காது. இவர்களுக்கு ஆப்பிலிருந்து சாதாரண போனுக்குப் போகும் காசுக் கால்தான் வழி. ஸ்கைப்பைச் சொல்லுவார்கள் பழைய ஆட்கள். அதை 2025 மே மாதமே மூடிவிட்டார்கள். வைபர் அவுட் மாதிரி இன்னும் சில இருக்கின்றன. நிமிடக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், கால் சேர்ந்தவுடன் தனிக் கட்டணம் உண்டா, போட்ட காசு எத்தனை நாளில் காலாவதியாகும் என்பதையும் பாருங்கள்.

ரொம்பச் சல்லிசாக வந்தால் யோசியுங்கள். வெளிநாட்டுக் கால் இந்தியாவில் போய் இறங்குவதற்கே அங்குள்ள கம்பெனிக்கு நிமிடத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். 2020 மே முதல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த வரம்பு 35 காசிலிருந்து 65 காசு. அதற்கும் கீழே விற்கிறவர் நேர்வழியில் இறக்காமல், உள்ளூர்க் கால் போல மாற்றி விடுகிறவராக இருக்கலாம். வந்த புதிதில் நானும் அப்படி ஒரு காலிங் கார்டு வாங்கினேன். நான் கூப்பிட்டால் அம்மா போனில் யாரோ ஊர் பேர் தெரியாதவரின் இந்திய மொபைல் நம்பர் விழும். "ஆதார் நம்பர் கேக்கறவனோன்னு எடுக்கல சாமி" என்றார். அவர் செய்ததுதான் சரி. நல்ல ஆப்பாக இருந்தால் உங்கள் கனடா நம்பரே அங்கே தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். அதை அம்மா போனில் உங்கள் பேரில் பதியச் சொல்லுங்கள்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம், போனில் இருக்கும் 'வை-ஃபை காலிங்'. பேரைப் பார்த்து இலவசம் என்று நினைத்து ஒரு மணி நேரம் பேசிவிடுவார்கள். கால் வை-ஃபையில் போனாலும், கனடாவிலிருந்து இந்தியாவுக்குப் போட்ட சர்வதேசக் காலாகத்தான் பில்லில் ஏறும்.

டயல் செய்யும்போது வெளிநாட்டுக் காலுக்கான 011, பிறகு இந்தியாவுக்கான 91, பிறகு எஸ்டிடி கோடில் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு நம்பர். சேலம் லேண்ட்லைனுக்கு 011-91-427, ஏற்காட்டுக்கு 011-91-4281. 011-ஐ மறந்து நேராக 91 என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்து ஒரு 1 விழுந்தால் அது இங்குள்ள அவசர உதவி எண் 911, போலீஸ் எடுப்பார்கள். வீட்டில் அடாப்டர் வைத்து இன்டர்நெட் போன் எடுத்திருந்தால், வீடு மாறும் ஒவ்வொரு முறையும் 911-க்கான முகவரியை அந்தக் கம்பெனியில் மாற்றுங்கள். கரண்டோ நெட்டோ போனால் அந்தப் போன் வேலை செய்யாது என்பதும் நினைவிருக்கட்டும்.

நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். பிறகு மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை உங்கள் காலை 9.30 என்பது ஊரில் இரவு 8 மணி. அத்தை 8 மணிக்கெல்லாம் படுத்துவிடுவார், அதனால் குளிர்காலத்தில் 8 மணிக்கே எழுந்துகொள்கிறேன். அவர் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, காபி காயப்போடும் களத்தின் ஓரத்தில்தான் இரண்டு கோடு வரும். வாசலில் ஒரு ரிங் கேட்டால் போதும், எழுந்து நடந்து போய்விடுவார். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போடுவேன்.