டேக்டவுன் ரைஃபிளா, வழக்கமான ரைஃபிளா: வேட்டைக்குத் தேர்ந்தெடுக்கும் முறை

குழலை ரிசீவரிலிருந்து (இயங்குபாகங்கள் அடங்கிய நடு உடலிலிருந்து) கையாலேயோ ஒரு சிறு திருகுசாவியாலோ கழற்றி, இரண்டு துண்டுகளாக எடுத்துச் செல்லும்படி செய்யப்பட்ட ரைஃபிளை டேக்டவுன் என்கிறார்கள். அமெரிக்காவில் அணிலும் முயலும் வேட்டையாடுவோர் பலர் வைத்திருக்கும் ரூகர் 10/22 ரைஃபிளைக் கொண்டு இந்தத் தேர்வை நன்றாக விளக்கலாம். 1964 இல் வெளிவந்த அந்த .22 (சிறு தோட்டா) ரைஃபிளுக்கு 2012 இல் டேக்டவுன் வடிவமும் வந்தது. இயங்குமுறையும் பத்துத் தோட்டா கொள்ளும் மேகசினும் இரண்டுக்கும் பொது, 18.5 அங்குலக் குழல் உள்ள வடிவங்களில் மொத்த நீளமும் ஏறக்குறைய சமமாக, 37 அங்குலம் அளவில் இருக்கும். கழற்றிய பின் டேக்டவுனின் நீளமான துண்டு சுமார் 20 அங்குலமே என்பதால் அது முதுகுப்பைக்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே, துப்பாக்கி உங்கள் வீட்டிலிருந்து வேட்டைக்காட்டுக்கு எப்படிப் போகிறது என்பதையே முதலில் எண்ணிப் பாருங்கள். வண்டியில் கொண்டுபோய்க் காட்டோரத்தில் இறங்கி நடப்பவருக்கு டேக்டவுனால் பெரிய பயன் இல்லை. கூடுதல் விலையைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவிடுவது நல்லது. சிறு படகில் செல்பவர், கூடாரத்தையும் சுமந்துகொண்டு பல மைல் நடப்பவர், சிறு விமானத்தில் பயணிப்பவர் ஆகியோருக்கு அந்த 20 அங்குலம் உண்மையாகவே உதவும்.

அடுத்த கேள்வியைத்தான் பலரும் கேட்கத் தவறுகிறார்கள்: குறிபார்க்கும் சாதனம், குழலும் ரிசீவரும் சேரும் மூட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? 10/22 இன் முன்குறியும் பின்குறியும் குழலின் மேலேயே பதிக்கப்பட்டிருப்பதால், குழலை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் குறிகளுக்கும் குழலுக்கும் உள்ள உறவு மாறுவதில்லை. ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கியை மாட்டினால் நிலைமை வேறு. அது ரிசீவரின் மேல் அமர்கிறது, குழலோ மூட்டுக்கு அப்பால் இருக்கிறது. 18.5 அங்குலக் குழலின் வாய், முன்பிருந்த இடத்திலிருந்து நூறில் ஒரு பங்கு அங்குலம் விலகி அமர்ந்தால், 50 கஜத் தொலைவில் குண்டு ஏறத்தாழ ஓர் அங்குலம் தள்ளிப் படும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி எட்டு அங்குலத்துக்குக் குறையாத அகலம் உடையது என்பதால் அங்கே அந்த ஓர் அங்குலம் பொருட்டல்ல. அணிலின் தலையோ ஒன்றரை அங்குலம் அளவே இருப்பதால், அதே விலகல் விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடும். வேட்டையில் இதைவிட வருந்தத்தக்கது எதுவும் இல்லை. எனவே, ஸ்கோப் வைத்து அணிலைச் சுட எண்ணுபவருக்கு வழக்கமான வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன்.

டேக்டவுனை வாங்கியவர், அல்லது வாங்குமுன் நண்பரிடம் இரவல் பெற்றுப் பார்ப்பவர், ஒரே பெட்டித் தோட்டாக்களைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்துபார்க்கலாம். சுடுதளத்தில் 50 கஜத்தில், நன்றாகத் தாங்கிய நிலையில் ஐந்து குண்டுகள் சுடுங்கள். துப்பாக்கியைக் காலிசெய்து, தோட்டா அமரும் அறையை மூடித் திறக்கும் போல்ட்டைப் பின்னே நிறுத்தி, அந்த அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பின் கழற்றி மாட்டி, அதே போன்ற வேறொரு தாளில் மீண்டும் ஐந்து சுடுங்கள். இப்படி ஐந்து முறை செய்து, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு தாளிலும் உள்ள துளைகளின் கூட்டம் நெருக்கமாக இருந்தும் கூட்டங்களின் மையங்கள் மட்டும் அலைந்தால், குறை மூட்டில் இருக்கிறது. அப்போது, குழலைச் சுற்றியுள்ள சரிசெய்வளையத்தைக் கையால் இயன்றவரை இறுக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். மூட்டின் முகங்களில் ஒட்டியிருக்கும் கரியையும் துடைத்துவிடுங்கள்.

மான் வேட்டைக்கான பெரிய தோட்டா ரைஃபிள்களில் இதே சிக்கலுக்கு வெவ்வேறு தீர்வுகள் உண்டு. பிரவுனிங் பிஎல்ஆர் நெம்புகோல் ரைஃபிளின் டேக்டவுன் வடிவத்தில், கண்ணிலிருந்து தள்ளி வைத்துப் பார்க்கும் நீள்பார்வை ஸ்கோப்பைக் குழலின் மேலேயே பொருத்த வழி உண்டு. ஜெர்மனியின் பிளேசர் ஆர்8 இல் ஸ்கோப்பின் தாங்கி நேராகக் குழலைப் பற்றிக்கொள்வதால், குழலும் ஸ்கோப்பும் சேர்ந்தே கழன்று சேர்ந்தே திரும்புகின்றன. விலை அதிகமானாலும் ஏற்பாடு சீரானது. பழைய மார்லின் 39ஏ கிடைத்தால், அதிலும் ஸ்கோப் அமரும் பாதி ரிசீவர் குழலுடனேயே நிற்கிறது.

டேக்டவுனுக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. வழக்கமான 10/22 இன் ரிசீவர் பின்புறம் மூடியிருப்பதால் துப்புரவுக் கம்பியைக் குழலின் வாய் வழியாகவே நுழைக்க வேண்டியிருக்கிறது. கவனக்குறைவானால் குண்டு வெளியேறும் விளிம்பு தேய்ந்து துல்லியம் கெடும். டேக்டவுனின் குழல் தனியே கழல்வதால் அறையின் பக்கமிருந்தே துடைக்கலாம். எதிர்ப்பக்கத்தில், வழக்கமான வடிவத்துக்குக் கிடைக்கும் மாற்றுக் குழல்களும் தோளில் அணைக்கும் பின்கட்டைகளும் டேக்டவுனுக்கு அவ்வளவு கிடைப்பதில்லை.

கழற்றி வைத்தாலும் சட்டத்தின் பார்வையில் அது துப்பாக்கியே. அமெரிக்க விமானங்களில் தோட்டா நீக்கி, பூட்டிய கடினப் பெட்டிக்குள் வைத்து, பயணப்பதிவு மேசையில் அறிவித்து, கையில் எடுத்துச் செல்லாமல் பதிவுசெய்த பயணப்பெட்டியாகவே அனுப்ப வேண்டும். வண்டியில் கொண்டுசெல்லும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் போகும் மாநிலத்தின் விதியை முன்பே படித்துக்கொள்ளுங்கள். மாற்றுக் குழல் வாங்குபவர், கூட்டாட்சிச் சட்டப்படி ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில், இரு துண்டுகளையும் ஒரே பையில் விடாமல், ரிசீவர் பாதியைத் தனியே பூட்டி வையுங்கள்.